கல்லுக்குப் போன தீபாவளி லீவு

இல்லீங்க அக்கா, குளுரு இல்லீங்க. போர்வையை நீங்களே போத்திக்குங்க. இது பயத்துல வர்ற நடுக்கமுங்க. ஆறு மாசமா வருது, போகுது. இன்னைக்குக் கொஞ்சம் சாஸ்தி.

உள்ள போயிருக்கறது எங்கூட்டுக்காரர். முதுகுக்கு ஸ்கேன் எடுக்கறாங்க. குழாய் மாதிரி ஒரு மெஷினு இருக்குதில்லீங்க, ஆளைப் படுக்க வெச்சு அப்படியே உள்ள தள்ளுவாங்களே, அதுல. கதவைச் சாத்தறதுக்குள்ள நான் எட்டிப் பாத்துட்டேன். பாத்திருக்கக் கூடாதுங்க. தலை, தோளு, இடுப்பு எல்லாம் உள்ள போயிருச்சு. பாதம் ரெண்டு மட்டும் வெளிய நிக்குது. நர்சம்மா வந்து, "வெளிய உக்காருங்கம்மா, முக்கா மணி நேரமாகும்"னு சொல்லிட்டாங்க. முக்கா மணி நேரமாமுங்க!

நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? மாமியாருக்கா. சரி சரி, அப்ப உங்களுக்கும் நேரமாகும். நான் பாட்டுக்குப் பேசிட்டிருந்தா தப்பா நெனச்சுக்காதீங்க. சும்மா இருந்தா அந்த மெஷினு டக்கு டக்குனு அடிக்கறதே காதுல விழுகுது. இங்க வரைக்கும் கேக்குது பாருங்க.

எம் பேரு மயிலாத்தாள். திருப்பூருங்க. பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறேன். இருபத்திரண்டு வருசமாச்சு. தெச்சு வர்ற பனியனை டேபிள்ல விரிச்சு, ஓட்டை இருக்குதா, எண்ணெய்க் கறை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு பாத்து, தப்பு இருக்கற எடத்துல அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டோணும். எங்கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாதுங்க. ஒரு தையல் தாண்டியிருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிரும். எங்கூட்டுக்காரர் அதே கம்பெனில அயர்ன் மாஸ்டர். சென்னியப்பன்னு பேரு. ஆளு ஒல்லிங்க. காத்தடிச்சா சாஞ்சிருவாருன்னு கம்பெனில கேலி பேசுவாங்க. நல்ல மனுசன். அவருகிட்ட இருக்கற ஒரே கொறை, எதுக்கும் வேண்டாம்னு சொல்லத் தெரியாது. அதுல வந்த வெனைதானுங்க இத்தனையும்.

தீபாவளிக்கு எங்க ஊரே காலியாயிரும். ஒரு வாரம் லீவு. கூட வேலை செய்யறவங்க ஊட்டி, கொடைக்கானல்னு வேன் புடிச்சுப் போவாங்க. நாங்க வருசா வருசம் அவரோட அக்கா ஊட்டுக்குத்தான். காங்கேயத்துக்கு அக்கட்டால வேலாங்காட்டுப்புதூருன்னு ஒரு ஊரு. அவங்களை நான் நங்கைன்னு கூப்புடுவேன். அவங்க வீட்டுக்காரர் நாச்சிமுத்து அண்ணன். தோட்டம், ரெண்டு மாடு, பத்து ஆடு. எங்க ஒரே பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சு, அதனால நாங்க ரெண்டு பேருதான் போவோம்.

போன தீபாவளிக்குச் செம மழைங்க. போய் எறங்குன நாள்ல இருந்து ஊத்துது. ரெண்டாம் நாள் சாயங்காலம் கொஞ்சம் வெறிச்சுது. சும்மா நடந்துட்டு வரலாம்னு நாச்சிமுத்து அண்ணன் எங்களைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. உழுது போட்ட காடு. மழைத் தண்ணி மேல்மண்ணை அரிச்சுக் கழுவி விட்டிருக்குது. வெயிலு சாய்வா விழுகுது. தரை பூராவும் மினுக்கு மினுக்குங்குது.

"அண்ணா, என்னங்ண்ணா இது இப்படி மின்னுது?"ன்னேன்.

"அது காக்காப்பொன்னு அம்மணி. சும்மா மினுக்கும், ஒண்ணுக்கும் ஆகாது. வெள்ளையா கெடக்கறது வெங்கச்சங்கல்லு. ஆனா இதுகளோட நல்ல கல்லும் கெடக்கும். மழை பேஞ்சா மேல வரும். எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாது, தேடற ஆளுகளுக்குத் தெரியும்"னாரு.

அவரு சொல்லி வாய மூடலீங்க. நான் குனிஞ்சு ஒண்ணை எடுத்தேன். புளியங்கொட்டை அளவு. எச்சிலைத் தொட்டுத் தொடச்சுட்டு வெயிலுக்குக் காட்டுனேன். என்னன்னு சொல்றதுங்க. சுத்தமான வாய்க்காத் தண்ணியில வானத்தோட நெறம் தெரியுமில்லீங்க, அந்த நீலம். நாச்சிமுத்து அண்ணன் வாங்கிப் பாத்துட்டு என்னையும் பாத்தாரு, கல்லையும் பாத்தாரு. "இருபது வருசமா இந்தக் காட்டுல உழறேன், எங்கண்ணுல ஒண்ணும் பட்டதில்லையே!"ன்னாரு.

அவ்வளவுதானுங்க. அன்னைக்குப் புடிச்சுது.

நீங்க காசுக்குன்னு நெனைப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. காங்கேயத்துல கல்லு வாங்கற கடைக்காரர் ஒருத்தர் பாத்துட்டு, சின்னக் கல்லு, உள்ள விரிசல் இருக்குது, பெருசா ஒண்ணும் போகாதுன்னு சொல்லிட்டாரு. எனக்கு அது ஒண்ணும் வருத்தமில்லீங்க. காசுக்கில்ல. எப்படிச் சொல்றது... இருபத்திரண்டு வருசமா நான் தப்பைத்தான் தேடறேன். காலைல எட்டரைக்கு உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் ஓட்டை எங்க, கறை எங்க, பிசிறு எங்கன்னு. நல்லா இருக்கற பனியனை நான் பாக்கறதே இல்லீங்க, அது பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிரும். அந்தக் காட்டுலதான் மொதல் மொதல்ல இதே கண்ணு நல்லது ஒண்ணைத் தேடுச்சு. குனிஞ்ச தலை நிமிராம நடப்பேன். முட்டி வலி தெரியாது, பசி தெரியாது. ஊட்டுக் கவலை, பொண்ணு கவலை ஒண்ணும் ஞாபகத்துக்கு வராது. அடுத்த மிதியில இருக்கும், அடுத்த மிதியில இருக்கும்னு தோணிட்டே இருக்கும். அது ஒரு சொகமுங்க. அனுபவிச்சாத்தான் தெரியும்.

மூணாம் நாள், நாலாம் நாள் ரெண்டு வேளையும் போனேன். எங்கூட்டுக்காரரும் வந்தாரு. தூறல் விழுந்தா எனக்குக் கொடை புடிப்பாரு. அவரு கல்லுத் தேடவே இல்லீங்க. "என்ன பாக்கறீங்க, கீழ பாருங்க"ன்னு சொன்னா, "நீ இப்படிச் சிரிச்சுப் பாத்து ரொம்ப நாளாச்சு புள்ள"ன்னாரு. கெறுக்கு மனுசன்.

அந்த நாலாம் நாளு ஆடு மேய்க்கற அம்மா ஒருத்தி சொன்னா. "காட்டுல கெடக்கறதெல்லாம் ஒடசல் அம்மணி. கரட்டோரம், அந்தக் குன்றுக்கு அடியில, பழைய குழிக கெடக்குது. அந்தக் காலத்துல நோண்டுனது. வெங்கச்சங்கல்லு வரி ஓடும் பாரு, அதுக்குப் பின்னாலதான் முழுக்கல்லு இருக்கும்"னா. நான் சாப்பாட்டுல உக்காரும்போது கேட்டேன், "ஏனுங்ண்ணா, கரட்டோரம் குழி இருக்குதாமே?"ன்னு.

நாச்சிமுத்து அண்ணன் சோத்துல இருந்து கையை எடுத்துட்டாருங்க.

"யாரு சொன்னது உனக்கு? அந்தப் பக்கமே போகப்படாது அம்மணி. அது நோண்டவே கூடாத எடம். அதுவும் இந்த மழையில மண்ணு கஞ்சியாட்டம் இருக்குது. நான் சின்னவனா இருக்கையில ஒருத்தன் உள்ள போனான், மூணு நாள் கழிச்சுத்தான் எடுத்தாங்க." அப்பறம் எங்கூட்டுக்காரரைப் பாத்து, "மாப்ள, சொல்லிட்டேன்"னாரு.

"சரீங்க மச்சான்"னாரு இவரு.

அஞ்சாம் நாள் காலைல மழை இல்ல. நான் அவருகிட்டக் கேட்டேன். சும்மா பாத்துட்டு மட்டும் வரலாமுங்கன்னு. இங்கதானுங்க அக்கா நீங்க கவனிக்கோணும். அவரு ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேனா? சொல்லலியே. "மண்ணு ஈரமா இருக்குது மயிலா"ன்னாரு. "மச்சான் சொன்னாரில்ல"ன்னாரு. "நாளானைக்குப் போலாம், வெயிலு அடிக்கட்டும்"னாரு. இதெல்லாம் வேண்டாம்னு சொல்ற மாதிரியா இருக்குது? நாளானைக்கு லீவு முடிஞ்சு கெளம்பற நாளு. அடுத்த தீபாவளிக்கு அந்தக் குழி இருக்குமோ, யாராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்களோ. நான் "சரி, நீங்க வராட்டிப் போங்க, நான் மட்டும் போறேன்"னு டார்ச்சையும் களைக்கொத்தையும் எடுத்தேன். அவரு சட்டையை மாட்டிட்டுப் பின்னாலயே வந்துட்டாரு. தானாத்தான் வந்தாரு. நான் கையப் புடிச்சா இழுத்தேன்?

என் போனு நங்கை ஊட்டுல சார்ஜுல கெடந்துச்சு. அவரு போனு அவரு சட்டைப் பாக்கெட்டுல. இது எதுக்குச் சொல்றேன்னா, பொறவு வரும்.

குழி ஒண்ணரை ஆள் ஆழமிருக்கும். பக்கவாட்டுல படி மாதிரி செதுக்கி வெச்சிருக்குது. சுத்தியும் சீமைக்கருவேல முள்ளு. எறங்கிப் பாத்தா அடியில ஒரு பொந்து, கரட்டுப் பக்கமா உள்ள போகுது. ஆளு தவழ்ந்து போற அளவுதான். அந்தப் பொந்து மேல்சொவத்துல, ஆடு மேய்க்கற அம்மா சொன்ன மாதிரியே, வெங்கச்சங்கல்லு வெள்ளை வெளேர்னு கோடு போட்டாப்ல ஓடுது.

நான் கொஞ்சம் பருமனுங்க, பாக்கறீங்களே. எனக்குப் பொந்துல தோளு நொழையல. அவருக்கு நொழையும்.

"நீங்க கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்"னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. எட்டிப் பாருங்கன்னுதான். உள்ள போங்கன்னு சொல்லல.

களைக்கொத்தையும் டார்ச்சையும் வாங்கிட்டுக் குப்புறப் படுத்தாரு. இடுப்பு வரைக்கும் போனாரு. "ஒண்ணும் தெரியல புள்ள"ன்னாரு. "இன்னும் சித்த உள்ள போனாத் தெரியும்"னேன். முட்டி வரைக்கும் போனாரு. உள்ள கொத்தற சத்தம் கேக்குது. சித்த நேரத்துல ஒரு கல்லைக் காலோட ஓரமா பின்னால தள்ளிவிட்டாரு. எடுத்துப் பாத்தேன்.

அக்கா, விரல் நீளமுங்க. பென்சிலாட்டம் ஆறு பட்டை. யாரும் பட்டை தீட்டல, மண்ணுக்குள்ளயே அப்படி. முந்தானையில தொடச்சா அந்தப் பக்கம் இருக்கற என் விரல் நீலமாத் தெரியுது. ஒரு விரிசல் இல்ல. நான் செக்கிங் பண்ற கண்ணுலதான் பாத்தேன், ஒரு தப்பு இல்லீங்க அதுல. இத்தனை வருசத்துல ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பாத்து ஒண்ணுமே சொல்ல முடியாமப் போனது அதுதான்.

"மூச்சு முட்டுது மயிலா, வந்தர்றேன்"னாரு உள்ள இருந்து.

"ஒரே நிமிசமுங்க. அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கும், பாருங்க"ன்னேன்.

சரின்னுதான் அவரும் இன்னும் கொஞ்சம் போனாரு.

பெரிய சத்தமெல்லாம் இல்லீங்க. சினிமாவுல காட்டற மாதிரி இல்ல. அரிசி மூட்டையைத் தோள்ல இருந்து எறக்கி வெச்சா ஒரு சத்தம் வருமே, பொத்துனு, அவ்வளவுதான். பொந்து வாயில இருந்து ஈரக்காத்து ஒண்ணு மொகத்துல அடிச்சுது. பாத்தா பொந்து இல்ல. மண்ணு. மண்ணுல இருந்து ரெண்டு பாதம் மட்டும் நீட்டிட்டு இருக்குது.

...ஏனுங்க, சத்தம் நின்னு போச்சே? மெஷினு நின்னு போச்சே? ஏன் நின்னு போச்சு? யாராச்சும் உள்ள போய்ப் பாருங்களேன்! ...அப்படித்தானா? நடுவுல நின்னு நின்னுதான் அடிக்குமா? உங்க மாமியாருக்கும் அப்படித்தானா? ...ஆமாமா, இதா மறுக்கா அடிக்குது. அடிக்குது. சரி. தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க.

எங்க விட்டேன்? பாதம். ரெண்டு பாதமும் ஒதறுதுங்க. நான் கணுக்காலைப் புடிச்சு இழுக்கறேன். வரல. களைக்கொத்து உள்ள அவருகிட்ட. கையாலதான் பறிக்கறேன். ஒரு கை பறிச்சா ரெண்டு கை மண்ணு மேல இருந்து சரியுது. "ஏனுங்க, ஏனுங்க"ன்னு கத்தறேன். எனக்கு வேற வார்த்தையே வரல. கலியாணமாகி இருபத்தாறு வருசமா அவரை ஏனுங்கன்னு கூப்புட்டிருக்கறேன், அன்னைக்குக் கூப்புட்ட மாதிரி கூப்புட்டதில்ல.

அப்பறம் கொரலு கேட்டுச்சு. மண்ணுக்குள்ள இருந்து, எங்கியோ தூரத்து ஊட்டுல இருந்து பேசற மாதிரி. மூஞ்சிக்கு முன்னால ஒரு பாறை தாங்கியிருக்குது, அதனால மூச்சு விட எடம் இருந்திருக்குது. அவரு என்ன சொன்னாருன்னா, "மேல போ மயிலா. உம்மேலயும் விழுந்திரும். மேல போ."

அவரு சொல்லும்போதே எந்தோள்ல ஒரு மண்கட்டி விழுந்துச்சு. அண்ணாந்து பாத்தேன். குழியோட ஒரு பக்கச் சொவுரு பூராவும் விரிசல் விட்டு நிக்குது.

நான் மேல ஏறுனேன். ஆளைக் கூப்புடறதுக்குத்தானுங்க ஏறுனேன். ஆளு வந்தாத்தானே எடுக்க முடியும்? ஆளைக் கூப்புடத்தான்.

மேல நின்னு கத்துனேன். ஒரு குருவி இல்ல. எட்டுன தூரம் பூராவும் ஈரக்காடு. அப்ப அடிச்சுதுங்க அந்தப் போனு. அவரு சட்டைப் பாக்கெட்டுல இருக்கற போனு. மண்ணுக்கு அடியில. நாதசுர ரிங்டோன் வெச்சிருந்தாரு அவரு. கலியாணத்துல தாலி கட்டையில வாசிப்பாங்களே, அந்தக் கெட்டிமேளம். குழிக்கு அடியில இருந்து கெட்டிமேளம் கேக்குது. நின்னுச்சு. மறுக்கா அடிச்சுது. நின்னுச்சு. மூணாவது தடவையும் அடிச்சுது. அது அடிக்கற வரைக்கும் அவரு உசுரோட இருக்கறாருன்னு எனக்குத் தோணுது. நின்னா அய்யோன்னு இருக்குது. போனுக்கும் உசுருக்கும் என்னங்க சம்பந்தம்? ஆனா அன்னைக்கு எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. மூணாவது தடவைக்குப் பொறவு அது அடிக்கல.

கீழ எறங்கலாம்னு பாத்தேன். கால் வரலீங்க. மொதப் படியில கால வெக்கறேன், அது தானா மேல வந்துருது. எத்தனை தடவைன்னு தெரியல.

கூப்புட்டது நங்கை. காலைப் பலகாரத்துக்கு வரலியேன்னு கூப்புட்டிருக்கறாங்க. இவரு எப்பவும் மொத மணிக்கே எடுத்துருவாரு. மூணு தடவை எடுக்கலைன்னதும் நாச்சிமுத்து அண்ணனுக்குப் புரிஞ்சு போச்சு. டீவியெஸ்ஸை எடுத்துட்டு நேரா கரட்டுக்கே வந்துட்டாரு. வண்டியை நிறுத்தக்கூட இல்ல, அப்படியே சாய்ச்சுப் போட்டுட்டுக் குழிக்குள்ள குதிச்சாரு. பாதத்தைப் பாத்துட்டு, அண்ணாந்து என்னைப் பாத்துக் கத்துனாரு.

"எவ்வளவு நேரமாச்சு?"

"தெரியலீங்ண்ணா."

"இன்னும் ஏன் இங்கியே நின்னுட்டிருக்கற? அதா தெரியுது பாரு தென்னந்தோப்பு, காய் போடறவனுக நாலு பேரு இருக்கறானுக. ஓடு!"

ஓடுனேன். தோப்பு பக்கந்தான். ரெண்டு நிமிசம்கூட இல்ல. ஏன் முன்னாலயே போகலைன்னு பின்னால எல்லாரும் கேட்டாங்க. எப்படிங்க போறது? அவரை அங்க தனியா விட்டுட்டு எப்படிப் போறது?

அவிங்க நாலு பேரும், நாச்சிமுத்து அண்ணனும், கையாலயும் மம்முட்டியாலயும் பறிச்சாங்க. தென்னைமட்டையை வெட்டிட்டு வந்து சொவுத்துக்கு முட்டுக் குடுத்தாங்க. இடுப்புல கயிறு கட்டி வெளிய எடுத்தப்ப மூக்கு, வாய், காது எல்லாம் மண்ணு. செத்துட்டாருன்னுதான் நெனச்சேன். நாச்சிமுத்து அண்ணன் வாயில விரலை விட்டு மண்ணைத் தோண்டிப் போட்டாரு. ஒரு இருமல் வந்துச்சு. கண்ணைத் தொறந்தாரு. "மயிலாளுக்கு ஒண்ணும் ஆகலியே?"ன்னாரு. அடுத்ததா நாச்சிமுத்து அண்ணன் கையைப் புடிச்சுட்டு, "அவ வேண்டாம்னுதான் சொன்னா மச்சான். நான்தான் கேக்காமப் போனேன்"னாரு.

பாத்தீங்களா. அவரே சொன்னாரு. ஆஸ்பத்திரியில எப்படி ஆச்சுன்னு எழுதறப்பவும் அதையேதான் சொன்னாரு. நங்கைகிட்ட, எம் பொண்ணுகிட்ட, கம்பெனில, எல்லாருகிட்டயும்.

ஆனா நாச்சிமுத்து அண்ணன் அதை நம்பல. அங்கியே, அந்தக் குழியோரமே, என்கிட்ட வந்து, "கையில என்ன அது?"ன்னாரு. எனக்கே தெரியலீங்க. எடது கை மூடியிருக்குது. அத்தனை நேரமும் மூடித்தான் இருந்திருக்குது. தொறக்க முடியல, விரலெல்லாம் மரத்துப் போச்சு. அவருதான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சாரு. உள்ள அந்தக் கல்லு. ஆறு பட்டையும் உள்ளங்கையில பதிஞ்சு கெடக்குது.

"ஒரு கையிலதான் பறிச்சியா?"ன்னாரு.

கல்லை எடுத்து, பக்கத்துல ஒரு பாழுங்கெணறு இருக்குது, அதுல வீசிட்டாரு. ஒரு வார்த்தை கேக்கலீங்க. எங்கூட்டுக்காரர் உசுரைக் குடுத்து எடுத்த கல்லு அது. அவரு காப்பாத்துனாரு, இல்லைங்கல, சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா வீசறதுக்கு அவருக்கு என்ன உரிமை இருக்குது? இன்னைக்கு வரைக்கும் அவருகூட நான் பேசறதில்லீங்க. எங்கூட்டுக்காரர்தான் வாரத்துக்கு ஒருக்கா போன் போட்டுப் பேசுவாரு.

மூணு வெலா எலும்பு முறிஞ்சுது. கால்ல எலும்பு விரிசல் விட்டுச்சு. அதெல்லாம் கூடிருச்சுங்க. முதுகுதான். எடது கால்ல உணர்ச்சி சரியா இல்ல. நின்னு அயர்ன் பண்ண முடியாது. கம்பெனில உக்காந்துட்டுப் பிசிறு வெட்டற வேலை குடுத்திருக்கறாங்க, எனக்கு அடுத்த டேபிள். ஒரு நாளும் என்னைத் திட்டுனதில்ல. ஏண்டி இப்படிப் பண்ணுனேன்னு ஒரு வார்த்தை? கெடையாது. குளிக்கப் போனாக் கதவைச் சாத்த மாட்டாரு, அவ்வளவுதான் மாத்தம். போர்வையைத் தலையோட இழுத்துப் போத்திட்டுப் படுத்தாருன்னா நான் ஓடிப்போய்க் காலைத் தொட்டுப் பாப்பேன். அசைஞ்சாத்தான் எனக்கு மூச்சு வரும். அந்த ரிங்டோனை நானே மாத்திட்டேன். தெருவுல கலியாண ஊர்வலம் போனாக்கூட நான் டேபிளுக்கு அடியில உக்காந்துக்கறேன்னு கம்பெனில சிரிக்கறாங்க.

கல்லு ஆசையெல்லாம் அதோட போச்சுங்க. முழுசாப் போச்சு. இந்த ஆஸ்பத்திரி வாசல்ல ஜல்லி கொட்டியிருக்குதில்லீங்க, வரும்போது சும்மா பாத்துட்டுத்தான் வந்தேன். ஒண்ணுமில்ல அதுல. எல்லாம் கருங்கல்லு.

ஒரு விசயம் சொல்றேன் அக்கா. யாருகிட்டயும் சொல்லல. முன்னப் பின்ன தெரியாதவங்க, அதனால சொல்றேன். நான் ஆளைக் கூப்புட ஏறல. பயந்துட்டுத்தான் ஏறுனேன். அந்தச் சொவுரு விரிசலைப் பாத்ததும் என் உசுரு பெருசாப் போச்சு. அவரு பாதம் ஆடிட்டே இருக்குது, நான் அதை மிதிக்காமத் தாண்டி ஏறுறேன். ஆறு மாசமா இது உள்ளயே கெடந்து அரிச்சுது.

இன்னைக்குக் காலைல பஸ்ல வரையில அவருகிட்டயே கேட்டுட்டேன். பல்லடம் தாண்டியாச்சு. அவரு சன்னலோரம். "ஏனுங்க, அன்னைக்கு உள்ள இருக்கையில நான் மேல ஏறுனது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"ன்னேன்.

"தெரிஞ்சுது. மண்ணுக்குள்ள நல்லாக் கேக்கும். நாலு மிதி. அப்பறம் சத்தமில்ல."

"ஆளைக் கூப்புட..."ன்னு ஆரம்பிச்சேன். வாய் வரல. "இல்லீங்க. பயந்துட்டுத்தான் ஏறுனேன்"னுட்டேன்.

அவரு சிரிச்சாருங்க. நெசமாவே சிரிச்சாரு. "பயந்தா மேலதானே ஏறோணும்? கீழயா எறங்குவாங்க? நீ ஏறிட்டேன்னு தெரிஞ்சதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

பஸ்ஸுல அத்தனை பேரு முன்னாலயும் அழுதுட்டேன். அவரு தன்னோட துண்டை எடுத்துக் குடுத்தாரு. அப்பறம், "மேல ஏறுனதுக்கெல்லாம் எனக்கு வருத்தமில்ல மயிலா"ன்னு சொல்லிட்டு, சன்னல் பக்கம் திரும்பிட்டாரு.

ஏறுனதுக்கு வருத்தமில்லையாமுங்க.

அப்ப வேற எதுக்கு? சூலூர் வந்துச்சு, கேட்றலாம்னு பாத்தேன். சிங்காநல்லூர் வந்துச்சு, வாயைத் தொறந்தேன், மூடிட்டேன். இங்க வந்து சட்டையைக் கழட்டி, ஆஸ்பத்திரி அங்கியை மாட்டி விடும்போதுகூடக் கேக்கலாம்னு நெனச்சேன். கேக்கலீங்க. அந்தக் குழியில எறங்கப் பயந்ததைவிடப் பயமா இருக்குது.

நீங்களே சொல்லுங்க அக்கா. ஆரம்பத்துல இருந்து முழுசாக் கேட்டீங்கல்ல. நான் ஒண்ணையும் மறைக்கல. வேற என்னங்க இருக்குது, அந்த மனுசன் வருத்தப்படறதுக்கு?

...ஏனுங்க அக்கா, எதுக்கு என் எடது கையவே பாக்கறீங்க?